குடியை நிறுத்த வேண்டும், முதலில் எங்கே போவது? (திருவொற்றியூர், ராயபுரம் பக்கம்)

பட்டறைக்காரன்:

வணக்கம். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியாச்சு. குடியை நிறுத்துவது என்று முடிவு பண்ணிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறேன். தினமும் இரண்டு குவார்ட்டர். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் மூன்று. காலையில் எழுந்தால் கை நடுங்குகிறது. டீக்கடையில் கிளாசை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாமல் வாய்க்குப் போகும். பட்டறையில் வெர்னியர் அளவுகோலை வைத்து அளவு பார்த்தால் அதன் தாடை, கடைகிற ஜாபில் உட்காராமல் டக்டக்கென்று தட்டுகிறது. அதனால் ராத்திரியே ஒரு கட்டிங் மிச்சம் வைத்து, காலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். போட்ட கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிடும்.

கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டு, அன்றோடு ஒரேயடியாக விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பெரிய பெண் பத்தாவது படிக்கிறாள். என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். இந்த வழி சரிவருமா? விட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தெருக்கோடி:

மாலை போடுங்க அண்ணே, யோசிக்கவே வேண்டாம். எங்கள் சித்தப்பா அப்படித்தான் விட்டார். மனசு வைத்தால் முடியாதது எது? ஆஸ்பத்திரி, மாத்திரை என்று போனால் அதற்கு ஒரு அடிமையாக வேண்டியிருக்கும். ஐயப்பன் பார்த்துக்கொள்வார்.

வார்டு அக்கா:

பட்டறைக்காரன் தம்பி, மாலை போடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் டாக்டரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அரசு மருத்துவமனையில் பல வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். கார்த்திகை பிறந்த முதல் வாரத்தில் கழுத்தில் துளசி மாலையோடு வலிப்பு வந்து ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். ஒரு குவார்ட்டர் 180 மி.லி., அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 77 மி.லி. சுத்தமான ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். நீங்கள் அதில் இரண்டு. மது மூளையை மந்தமாக்கும் பொருள். வருடக்கணக்கில் அது தினமும் உள்ளே போனால், மூளை அதை ஈடுகட்டத் தன் விறுவிறுப்பைக் கூட்டி வைத்துக்கொள்ளும். மது சட்டென்று நின்றால் கூட்டி வைத்த அந்த விறுவிறுப்பு மட்டும் மிஞ்சும். உங்கள் காலை நடுக்கம் அதுதான். ராத்திரி போட்டது இறங்க இறங்க மூளை துடிக்கிறது, கட்டிங் போட்டதும் அடங்குகிறது.

கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு வரும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். அதைத் தாண்டி இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரைக்கும் இன்னொரு கண்டம் இருக்கிறது. ஆள் குழம்பிப் போவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், பெண்டாட்டி பிள்ளையை அடையாளம் தெரியாது, காய்ச்சல் ஏறும். ஒரு தையல்காரர் ராத்திரி முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து காற்றிலேயே ஊசியில் நூல் கோத்து, துணியை இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கால் மிஷினை மிதித்தபடி இருந்தது. கையில் ஊசியும் இல்லை, துணியும் இல்லை. கவனிக்காமல் விட்டால் இந்த நிலையில் உயிரே போகும்.

குடிக்கிற எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற இடத்துக்கு வந்துவிட்டவர் வீட்டில் தனியாக முயற்சி செய்யக்கூடாது. முன்பு எப்போதாவது நிறுத்தி வலிப்பு வந்திருந்தால் சுத்தமாகக் கூடாது.

தெருக்கோடி தம்பி சொன்ன மாத்திரை விஷயத்துக்கும் வருகிறேன். குளோர்டயாசெபாக்சைடு மாதிரி ஒரு மருந்தை முதல் நாள் தேவையான அளவு கொடுத்து, தினமும் குறைத்துக்கொண்டே வந்து, ஏழெட்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். கல்லீரல் பழுதாகியிருந்தால் லோராசெபாம் என்று மாற்றுவார்கள். மாதக்கணக்கில் விழுங்கினால் அடிமையாவது உண்மைதான். அதனால்தான் டாக்டர் கையில் இருக்க வேண்டும் என்கிறேன், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கக்கூடாது. கூடவே பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். குடிப்பவர் உடம்பில் அது வறண்டு கிடக்கும். நம் பக்கம் "டயர்டா இருக்கு" என்று தெருமுனைக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, பி1 போடாமல் அதைச் செய்வது குடிநோயாளிக்கு மூளையைக் கெடுக்கலாம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநல ஓபிக்குக் காலையிலேயே போங்கள். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் இங்கே எழுதிய மாதிரியே உள்ளதைச் சொல்லுங்கள். நிறையப் பேர் "ஒரு கட்டிங்தான் சார்" என்று பாதியாகச் சொல்வார்கள். மருந்தின் அளவு அந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானமாகும். அதுவரைக்கும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். ராத்திரி வேளையில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 டெலிமானஸ், போதை மீட்புக்கென்றே 14446. இரண்டுமே இலவசம்.

காசிமேடு கரை:

அக்கா சொன்னது அத்தனையும் சத்தியம். நான் விசைப்படகில் தொழில் பார்த்தவன். கடலுக்குப் போகிற நாளில் ஓரளவு அடங்கி இருப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். படகு கரையில், நாங்கள் கடையில். வலை பின்னுகிற இடத்திலேயே பாட்டில் உருளும். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் ரத்தமாக வாந்தி எடுத்தேன். அடுத்த தடைக்காலத்தை வைத்தியத்துக்கு எடுத்துக்கொண்டேன். கரையில் சும்மா இருக்கிற நாள்தானே, கூலி போகிறது என்ற சாக்கும் இல்லை.

வைத்தியம் முடிந்து வந்தபோது உடம்பு தெளிந்திருந்தது. ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் என்ன செய்வது என்று தெரியாது. இருபது வருடமாக அந்த நேரத்துக்கு எனக்கு ஒரே வேலைதான். அங்கேதான் ஏஏ கூட்டம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் ஆரம்பித்தது. இரண்டு பேருமே குடியில் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியோடு உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினால் இரண்டு பேரும் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். அன்றிலிருந்து முறை அதேதான். கட்டணம் கிடையாது, கையெழுத்து கிடையாது, என்ன சாதி என்ன மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர்.

நான் போகிறது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்திருப்போம். சுமை தூக்குகிறவர், பேங்க்கில் ரிட்டயர் ஆனவர், கண்டெய்னர் டிரைவர் எல்லாம் ஒரே பெஞ்ச். முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. டீ கொடுத்தார்கள். என் கை ஆடுவதைப் பார்த்துவிட்டு ஒருவர் கிளாசில் பாதி மட்டும் ஊற்றித் தந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனுஷனுக்கும் ஒரு காலத்தில் அப்படி ஆடியிருக்கிறது என்று அப்போதே புரிந்தது.

தெருக்கோடி:

அக்கா, வலிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மாலை போட்ட ஒரு மண்டலம் லட்சக்கணக்கான பேர் தொடாமல் இருக்கிறார்கள். அது மனக்கட்டுப்பாடு இல்லாமல் வேறு என்ன?

காசிமேடு கரை:

தம்பி, நல்ல கேள்வி. நான் சர்ச்சுக்குப் போகிறவன், தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டிருக்கிறேன். ஈஸ்டர் அன்று மத்தியானமே வட்டியும் முதலுமாகச் சேர்த்துக் குடித்திருக்கிறேன். நோன்புக்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது, தம்பி. "இத்தனாம் தேதி வரைக்கும்தானே" என்று மனசு காத்துக்கிடக்கும். இந்த வியாதிக்குக் கடைசித் தேதி இல்லை.

அதே நேரம், நோன்பு நாளில் சுற்றி என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். கூப்பிடுகிற கூட்டாளி கூப்பிட மாட்டான். "சாமி" என்று மரியாதையாக அழைக்கிறார்கள். காலையும் மாலையும் போய் உட்கார ஒரு இடம், பாட்டுப் பாட ஒரு கூட்டம், வீட்டில் தனிச் சமையல். குடிக்காமல் இருக்க ஊரே கை கொடுக்கிறது. மனக்கட்டுப்பாடு என்று நாம் சொல்வதில் பாதி அந்த ஊர்க்கைதான். மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. அந்த ஏற்பாட்டை வருடம் முழுக்க வைத்துக்கொள்ள வழி பண்ணினால் நிற்கும். எனக்குக் கூட்டம் அந்த வழி. பட்டறைக்காரன் தம்பிக்குக் கோயிலும் கூட்டமும் இரண்டுமே இருக்கட்டுமே.

வியாசர்பாடி வீட்டம்மா:

குடிக்கிறவருடைய பெண்டாட்டியாக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் இப்போது குடிப்பதில்லை.

இதைப் படிக்கிற பெண்கள் தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். "சாப்பாட்டில் கலந்து கொடுங்க, அவருக்கே தெரியாது, தானாக விட்டுடுவார்" என்று மாத்திரையும் பவுடரும் விற்கிறார்கள். டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் கழித்துக் குடித்தாலும் அந்த விளைவு வரலாம். அதனால்தான் நோயாளிக்கு விளக்கி, சம்மதம் வாங்கி, டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்து அது. ரசத்தில் கரைத்துக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், தெரியும். ஆனால் ஆள் டாஸ்மாக் வாசலில் சுருண்டு விழுந்தால், என்ன கொடுத்தோம் என்று டாக்டரிடம் சொல்லக்கூட ஆள் இருக்காது.

இன்னொன்று, நமக்கும் உதவி வேண்டும். பாட்டிலைத் தேடித் தேடி ஊற்றுவது, கடன்காரனுக்குப் பொய் சொல்வது, பட்டறைக்கு போன் போட்டுக் "காய்ச்சல்" என்பது, இதிலேயே நம் ஆயுசு போய்விடுகிறது. குடும்பத்தாருக்கென்று அல்அனான் கூட்டம் இருக்கிறது. அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நாம் போகலாம். அவர் குடிப்பதற்கு நான் காரணம் இல்லை என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அங்கேதான்.

பட்டறைக்காரன் தம்பி, ஓபிக்கு உங்கள் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். இத்தனை நாள் அவர்களிடம் மறைத்ததை டாக்டர் முன்னால் சொல்லும்போது அவர்களும் கேட்கட்டும்.

பட்டறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வலிப்பு விஷயம் படித்ததும் பயமாகிவிட்டது. போன வருடம் இரண்டு நாள் நிறுத்தியபோது பாத்ரூமில் விழுந்தேன். வழுக்கி விழுந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது.

சில சந்தேகங்கள். வேலைக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது, அட்மிஷன் என்றால் எத்தனை நாள்? அப்புறம், கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களா? அங்கே போனான் என்று தெரிந்தால் தெருவில் பெண்ணுக்குத்தான் கெட்ட பேர். பட்டறையில் ஒருவர், மாதவரம் தாண்டி ஒரு தனியார் மையம் இருக்கிறது, வேனில் வந்து அவர்களே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறார். அதுவும் எப்படி என்று சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை தம்பி:

வேன் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அண்ணனை அப்படித்தான் ஒரு இடத்துக்கு அனுப்பினோம். பெயர் வேண்டாம். ராத்திரி நான்கு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதக் கட்டணம் முன்பணம். முதல் மாதம் பார்க்கவும் விடவில்லை, போனும் கொடுக்கவில்லை. திரும்பி வந்தபோது காலில் தழும்பு. டாக்டர் என்று ஒருவரை அங்கே பார்த்ததே இல்லை என்றான். வந்த அன்றைக்கே குடித்தான், எங்களைப் பழி தீர்க்கவே குடித்தான்.

மனநலச் சட்டம் 2017 என்று ஒன்று இருக்கிறது, மது, போதை சார்ந்த மனநலப் பாதிப்பும் அதில் சேரும். இந்த மாதிரி மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். எந்த இடமாக இருந்தாலும் நேரில் போய்ப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், உள்ளே இருப்பவரோடு வீட்டார் பேசலாமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நீங்களாக வரத் தயாராக இருக்கும்போது வேன் எதற்கு அண்ணே?

நல்ல இடமும் இருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை, 1980இல் சாந்தி ரங்கநாதன் ஆரம்பித்தது. தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர், அவர் பெயரிலேயே தொடங்கினார். அண்ணன் பிற்பாடு அங்கேதான் தேறினான். குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.

வார்டு அக்கா:

தம்பி, நாக்கு கடிபட்டது என்றால் அது வழுக்கி விழுந்ததாக இருக்காது, பெரும்பாலும் வலிப்புதான். இதை ஓபியில் மறக்காமல் முதலில் சொல்லுங்கள். உங்களை அட்மிட் பண்ணச் சொல்ல அது ஒன்றே போதும். நாளைத் தள்ள வேண்டாம்.

கூலி பற்றி: பட்டறையில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். கார்டு இருந்து, சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், நோய் விடுப்புக்கு 70 சதவீதக் கூலி வருடத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். அயனாவரம் ஈஎஸ்ஐ மருத்துவமனையிலும் காட்டலாம். கார்டு இல்லாவிட்டால் ஸ்டான்லியில் செலவு கிடையாது. உடம்பு தெளிய ஒரு வாரம், பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்பாக்கம் பற்றி: 1794இல் தொடங்கிய மருத்துவமனை. சினிமாக்காரர்கள் கிண்டல் பண்ணிக் கிண்டல் பண்ணி அந்தப் பெயரையே கெடுத்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ குடும்பத்தைக் காப்பாற்றிய இடம் அது. அனுப்பினால் தயங்காமல் போங்கள். தெரு நான்கு நாள் பேசும். நீங்கள் தினமும் தள்ளாடி வருவதைப் பார்த்துத்தான் அது இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

பட்டறைக்காரன்:

போய் வந்தாச்சு. அட்மிட் பண்ணி அனுப்பியும்விட்டார்கள். அங்கே போன் அதிகம் பார்க்கவில்லை, அதனால்தான் தாமதம்.

டாக்டர் சின்ன வயது. பத்துக் கேள்வி கேட்டார். எத்தனை தடவை, எவ்வளவு, காலையில் குடிப்பீர்களா, குடியால் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று. அந்தக் கேள்விக்கு வீட்டம்மா என்னை முந்திக்கொண்டு தன் கையைக் காட்டினாள். நான் பேசவில்லை. அப்புறம் இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொன்னார். தாராளமாக ஆடியது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, எழுதிக்கொண்டார். மாலை போடலாமா என்று கேட்டேன். "தாராளமா போடுங்க, மாத்திரையை மட்டும் விரதம் என்று விட்டுடாதீங்க" என்றார்.

இரண்டாவது ராத்திரி மோசம். பி1 ஊசி, மாத்திரை எல்லாம் போட்டும் தூக்கமே இல்லை, துணி நனைகிற அளவுக்கு வியர்த்தது. நான்காவது நாள் வயிறு பசித்தது. பசி என்று ஒன்றை மறந்தே போயிருந்தேன். கல்லீரலில் கொழுப்பு, வீக்கம் இருக்கிறது, இப்போதே நிறுத்தினால் தேறும் என்றார்கள். ஏக்கம் குறைய நால்ட்ரெக்ஸோன் எழுதியிருக்கிறார்கள்.

நேற்று வெர்னியர் பிடித்தேன். தாடை அப்படியே உட்கார்ந்தது. தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

காசிமேடு கரை:

படித்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன் தம்பி. அவ்வளவு சந்தோஷம்.

தூக்கம் சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கிலும் இழுக்கும். அதற்காக ஒரு கட்டிங் என்று மனசு பேரம் பேசும், கொடுக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். பசியோடு இருக்காதீர்கள். வயிறு காலியாக இருக்கும்போதுதான் கடை கண்ணில் படும். சட்டைப்பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆறு மாதம் அதுதான் துணை.

சனிக்கிழமைக்கு இப்போதே ஏற்பாடு பண்ணுங்கள். சம்பளத்தை வீட்டம்மா அக்கவுண்டில் போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாம், கை ஆடாத டர்னர் அவருக்கும் லாபம். வழக்கமான வழியில் வராதீர்கள். கடை பத்து மணிக்கு மூடும். அதுவரைக்கும் நீங்கள் தனியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கோயிலில் பஜனை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் கூட்டம். வாழ்நாள் முழுக்க என்று யோசித்தால் மலைப்பாக இருக்கும். இன்றைக்கு ஒரு நாள் குடிக்கவில்லை என்று மட்டும் பாருங்கள்.

ஒருவேளை சறுக்கினாலும் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் மறுநாளே ஓபிக்குப் போங்கள், இங்கேயும் எழுதுங்கள். டாக்டர்களும் திட்ட மாட்டார்கள், நாங்களும் திட்ட மாட்டோம்.

பட்டறைக்காரன்:

சனிக்கிழமை தாண்டிவிட்டது அண்ணே. முதலாளி பணத்தை அக்கவுண்டிலேயே போட்டுவிட்டார். கூட்டத்துக்கும் போனேன், பெயர் மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதம் மச்சான் கல்யாணம், எண்ணூரில். முதல் நாள் ராத்திரி மாடியில் சரக்கு ஓடும். போகாமல் இருந்தால் மாமனார் வீட்டில் கோபிப்பார்கள்.

வியாசர்பாடி வீட்டம்மா:

ராத்திரிக்குப் போகாதீர்கள் தம்பி. விடியற்காலை முகூர்த்தத்துக்குப் போங்கள், தாலி கட்டும்போது முன் வரிசையில் நில்லுங்கள், பந்தியில் பரிமாறுங்கள், சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்தோடு திரும்புங்கள். மாமனாரிடம் உங்கள் வீட்டம்மா முன்கூட்டியே பேசட்டும். "அவருக்கு வைத்தியம் நடக்குது, மாத்திரை சாப்பிடுறார்" என்றால் போதும். மச்சானுக்குத் தனியாக போன் போட்டு நீங்களே சொல்லிவிடுங்கள், மாடிக்குக் கூப்பிட வருகிறவர்களை அவர் பார்த்துக்கொள்வார். யாராவது கையில் டம்ளரைத் திணித்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், கீழே இறங்கிப் பெண்ணோடு உட்காருங்கள்.

பட்டறைக்காரன்:

சரி அக்கா. மச்சானுக்கு இன்றைக்கே போன் போடுகிறேன்.